மூன்று மில்லி ஆழம்

விமலன் அந்த நீலக் கூடையோடு கேட்டுக்குள் நுழைந்தபோதே ஜோசஃபினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலிக் கூடையென்றால் ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டு வருவான். இன்றைக்கு இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான். செய்துகொடுத்த சாமான் அப்படியே திரும்பி வருகிறது.

மழை அப்போதுதான் பிடித்திருந்தது. கிள்ளான் மழைக்கு முன்னறிவிப்பும் கிடையாது, மரியாதையும் கிடையாது. தகரக் கூரையில் அது போடும் சத்தத்தில் விமலன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அங்கிள், கோச்சுக்காதீங்க. பாஸ் திருப்பி அனுப்பிட்டாரு லா."

சிரில் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "என்னாவாம் அவருக்கு?"

"பள்ளத்தோட ஆழம் ஒண்ணுக்கொண்ணு சேரல அங்கிள். ஒண்ணு ரெண்டே முக்கா மில்லி இருக்கு. ஒண்ணு மூணே காலு. சிலது கரெக்டா மூணு. எல்லாம் சம்பூரா கலந்து கெடக்கு."

கூடையில் இருந்தவை உள்ளங்கை அகல அலுமினியத் தகடுகள். நாலு மில்லிமீட்டர் கனம். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், ஆழம் மூன்று மில்லி. அந்தப் பள்ளத்தில் ஒரு காந்தத் துண்டு உட்கார வேண்டும். பூச்சோங்கில் விமலன் வேலை செய்யும் பட்டறையில் பலகாரம் பொட்டலம் கட்டும் மெஷின்கள் செய்கிறார்கள். அவற்றின் கதவுக்குப் போகிற தகடு இது. பள்ளத்தின் ஆழம் குறைந்தால் காந்தம் துருத்திக்கொண்டு நிற்கும். ஆழமாகப் போனால் அடித்தகடு அப்பளமாகிவிடும். மூன்று என்றால் மூன்றுதான்.

"மெஷினுக்கு ஸ்டாப் இல்ல விமலா," என்றார் சிரில். "கட்டர் சுத்துற ஸ்பிண்டல எறக்குறப்ப புடிச்சு நிறுத்த ஒண்ணுமே இல்ல. டயல்ல கோட்டப் பாத்து பாத்து நிறுத்தணும். டயலு கிழடு தட்டிப்போச்சு, ஆடுது. நான் ஒரு டெப்த் ஸ்டாப் செஞ்சு மாட்டிடுறேன். அப்புறம் பாரு."

"செய்ங்க அங்கிள். இன்னொரு தடவ குடுத்துப் பாக்கலாம்னு நாந்தான் பாஸ்கிட்ட பேசி வெச்சிருக்கேன். ஆனா இந்தத் தடவயும் தப்பாயி சாலா ஆச்சுன்னா, சி.என்.சி. கம்ப்யூட்டர் மெஷின் வெச்சிருக்கறவன்கிட்ட போயிரும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஜோசஃபின் அவனுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சிரிலுக்குச் சீனி இல்லாத கோப்பி. கோப்பையை எடுக்க அவர் கை நீண்டது, ஒரு விரற்கடை தள்ளி மேசையைத் தொட்டது, பிறகு நகர்ந்து கோப்பையைப் பிடித்தது. விமலன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோசஃபின்தான் பார்த்தாள். பார்க்காதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச காலமாகவே அந்த வீட்டில் இந்த நாடகம் நடக்கிறது. சர்க்கரை கண்ணில் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், லேசர் அடித்தார்கள். "அடிச்சாச்சு லா, இனிமே ஒண்ணுமில்ல," என்று சிரில் கதையை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு பேப்பர் வாங்குவதை நிறுத்தினார், பேப்பரில் எல்லாம் பொய் என்று. காரை விற்றார், கிள்ளானில் பார்க்கிங் கிடைப்பதில்லை என்று. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுப்பதில்லை, எல்லாம் மனப்பாடம் என்று. மனப்பாடமாம்! மூன்றாவது சரணத்தை இரண்டாவதில் கொண்டுபோய்ச் செருகி, தொண்டை கிழியப் பாடுவார். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஜோசஃபின் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள்.

கண் போகிறது என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் மெஷினுக்கு முன்னால் அவர் எப்படி நிற்பார்? மெஷினுக்கு முன்னால் நிற்காத சிரிலை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணம் பேசி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதே, செந்தூல் ரயில் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கறையோடு நேராக வந்து உட்கார்ந்த ஆள் அவர். பிறகு ஷா ஆலம் கிலாங்கில், ஒரு தொழிற்சாலையில், டூல்ரூம் வேலை. கிலாங்கை வியட்நாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் கைக்கு வந்த பணத்தை வாங்கிக்கொண்டு மகளுக்கு நகை செய்தார்கள், கார் வாங்கினார்கள். இவர் ஒரு மூலையில் கிடந்த இந்தச் சின்ன மில்லிங் மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். காரை விற்ற பிறகு கார் நின்ற இடத்துக்கு நடுவிலேயே அதை நகர்த்தி வைத்துக்கொண்டார், வீட்டுக்கு மூத்த மருமகள் மாதிரி.

மகன் மார்வின் காஜாங்கில் அடுக்குமாடியில் இருக்கிறான். வாரம் தவறாமல் போன் செய்வான். "மா, ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. அந்த மெஷின யாருக்காச்சும் குடுத்துருங்க. பன்னண்டாவது மாடியில அத வெச்சா கீழ்வீட்டுக்காரன் போலீஸக் கூப்புடுவான்." மார்வின் கெட்ட பிள்ளை இல்லை. அவன் சொல்வதில் தப்பும் இல்லை. அதுதான் ஜோசஃபினுக்கு ஆத்திரம். மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டால் காஜாங் வீட்டுப் பால்கனியில் இந்த மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். செத்துப்போவார், அவ்வளவுதான்.

*

ஸ்டாப் செய்கிற வேலை மறுநாள் காலையிலேயே ஆரம்பமாகிவிட்டது. ஜோசஃபின் பாலர் பள்ளியான தாடிக்காவில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். பசியாறக் கஞ்சியோ மீகூன் சேமியாவோ ஆக்கி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கை கழுவச் செய்து, ஊட்டாத குறையாக ஊட்டிவிட்டு மத்தியானம் வீடு திரும்புவாள். அவள் வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்தே வேலை எப்படிப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரே சீராக ரீங்காரம் போட்டால் மனிதர் நல்ல குணத்தில் இருக்கிறார். கிரீச்சிட்டு நின்று நின்று ஓடினால் சோற்றைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"என்னா அது? வளையல் மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

"காலர். ஸ்பிண்டல் கழுத்துல மாட்டறது." அலுமினிய உருளையில் நடுவே துளை போட்டு, ஒரு பக்கம் கீறி, திருகாணி வைத்து இறுக்குகிற மாதிரி செய்திருந்தார். "ஸ்பிண்டல் எறங்குனா இதுவும் கூடவே எறங்கும். இதுல ஒரு கம்பி நிக்கும், முழுசும் மரை போட்ட கம்பி. ஹார்ட்வேர் கடையில வாங்கியாந்தேன். கம்பி போறதுக்கு மெஷின் தலையில ஒரு இரும்புக் காது வெக்கணும். கம்பியில மேல ரெண்டு நட்டு. ஸ்பிண்டல் எறங்க எறங்க நட்டும் எறங்கி வந்து காதுல இடிக்கும். டக்! அதுக்கு மேல எறங்காது. எங்கப்பனே வந்து அமுக்குனாலும் எறங்காது."

"நட்டு எங்க நிக்கணும்னு எப்படித் தெரியும்? அதுக்கும் கோடு பாக்கணும்ல?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிரிலின் முகம் பிரகாசமானது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோடே வேணாம் ஜோசி. பாரு. தகட்ட இங்க கட்டியாச்சு. மேல ஒரு துண்டுத் தாள வெக்கிறேன். டெய்லி காலண்டர்ல கிழிக்கிற தாளு, அதுதான் மெல்லிசு. கட்டர மெதுவா எறக்குறேன். தாள இழுத்துப் பாத்தா வரல, புடிச்சுக்கிச்சு. அப்படின்னா கட்டரு தகட்டத் தொட்டுருச்சு. அங்கயே ஸ்பிண்டல பூட்டிட்டு, நட்டுக்கும் காதுக்கும் நடுவுல ஒரு மூணு மில்லி டிரில் பிட்டப் படுக்க வெக்கிறேன். நட்டத் திருகி அதோட ஒட்டுறேன். ரெண்டாவது நட்டப் போட்டு இறுக்குறேன். டிரில் பிட்ட உருவிட்டா எவ்வளவு எடம் இருக்கும்?"

"மூணு மில்லி."

"அவ்வளவுதான் வேல! டயல் எதுக்கு? கோடு எதுக்கு? செந்தூல் ஒர்க்ஷாப்ல கரண்டு போயி இருட்டா இருந்தாக்கூட நாங்க வேலய நிறுத்த மாட்டோம். வெரலு சொல்லும்."

டிரில் பிட்டுகள் சுவரில் ஒரு காந்தப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் சமையலறைக் கத்திகளுக்கு வாங்கிய பட்டை. ஒரே வாரத்தில் அது அவர் சுவருக்குப் போய்விட்டது. இடமிருந்து வலமாக ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றரை என்று அளவு வரிசையில் நிற்கும். ஐந்தாவது மூன்று மில்லி. சிரில் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, விரலால் எண்ணி, ஐந்தாவதை எடுப்பார்.

அவள் சிரித்தாள். உள்ளே போய் அரிசியைக் களையும்போதுதான் அழுகை வந்தது. கண்ணில்லாதவன் வேலை செய்வதற்கு ஒரு மெஷினைத் தயார் செய்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சே ஸ்டாப்பைப் பற்றித்தான். இரும்புக் காதை மார்வினின் பழைய கட்டிலிலிருந்து அறுத்தெடுத்தார். அராவினார், பொருத்திப் பார்த்தார், கழற்றினார், மறுபடியும் அராவினார். முதல் தடவை துளை கோணலாகப் போய்க் கம்பி இறுகிக்கொண்டது. கட்டிலின் இன்னொரு காலையும் அறுத்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மேசைவிரிப்பில் சிவப்பாக ஒழுகியிருந்தது. நெத்திலி சம்பல் கொட்டிவிட்டதாக நினைத்துத் துடைக்க வந்தாள். ரத்தம். அலுமினியச் சீவல் ஒன்று ஆள்காட்டி விரல் நுனியில் ஆழமாகக் குத்திக்கொண்டிருந்தது.

"மார்வின் டாடி! வெரலப் பாருங்க! வலிக்கலயா?"

சிரில் விரலைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். "அட, எப்ப குத்துச்சு இது?"

"நல்ல தோலு. தார் ரோடு கெட்டுச்சு போங்க." மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிவிட்டாள். அவரும் சிரித்தார். பாகற்காய் பொரியலை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார். அந்த விஷயம் அதோடு போய்விட்டது.

ஸ்டாப் முடிந்த அன்று விமலனுக்குப் போன் போட்டு வரச்சொன்னார். பழைய தகட்டுத் துண்டுகளில் ஐந்தாறு பள்ளம் வெட்டி வைத்திருந்தார். விமலன் தன்னுடைய வெர்னியரை எடுத்து ஒவ்வொன்றாக ஆழம் பார்த்தான். சிரில் மெஷின் நெம்புகோலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஜோசஃபின் வாசற்படியில், கையில் அகப்பையோடு.

"மூணு," என்றான் விமலன். அடுத்ததை எடுத்தான். "மூணு. இதுவும் மூணு. அய்யோ அங்கிள், பெர்ஃபெக்ட் லா!"

"நான் சொல்லல?" சிரில் நெம்புகோலை இழுத்தார். ஸ்பிண்டல் இறங்கியது. டக். மறுபடியும் இழுத்தார். டக். "கேட்டியா ஜோசி? கேட்டியா?"

"கேக்குது, கேக்குது. பக்கத்து வூட்டுக்கும் கேக்குது."

விமலன் புதுத் தகடுகளை இறக்கி வைத்துவிட்டுப் போனான். சிரில் இப்படி மனம்விட்டுச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று! அன்று இரவு சாப்பாட்டில் தானாகவே சொன்னார். "சனிக்கெழம சாயந்தரம் வீட்டுச் செபம் வெச்சுருவோம் ஜோசி. செபக் குழு ஷெர்லிகிட்ட சொல்லு, எல்லாரையும் கூட்டிட்டு வரட்டும். நன்றி சொல்லணும்ல."

வீட்டுச் செபம் என்றாலே ஏதாவது ஒரு காரணம் சொல்லி ஒளிந்துகொள்கிற ஆள் அவர். ஜோசஃபினுக்குக் கால் தரையில் பாவவில்லை.

*

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க ஆக்குவதும் கூட்டுவதுமாகப் போனது. மீகூன் பிரட்டி, முட்டை சாண்ட்விச் வெட்டி வைத்தாள். நாற்காலிகளைப் போட இடம் வேண்டும். மெஷினுக்குப் பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்தினாள். மாதா சுரூபத்தை வைக்க மேசையைச் சுவரோடு தள்ளினாள். சுரூபத்துக்குப் பின்னால் டிரில் பிட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? வெள்ளைத் துணி கட்டலாம் என்று காந்தப் பட்டையை ஆணியிலிருந்து தூக்கினாள். ஒரு முனை வழுக்கியது. கலகலவென்று அத்தனையும் சிமெண்டுத் தரையில் சிதறின.

சிரில் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் சாமானைத் தொட்டால் பேய் பிடித்தவர் மாதிரி கத்துவார். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று ஜோசஃபின் குனிந்து மடமடவென்று பொறுக்கினாள். துணியால் துடைத்தாள். வரிசையில்தானே நிற்கும், அதிலென்ன கஷ்டம்? தாடிக்காவில் தினமும் செய்கிற வேலை. குட்டையானது முதலில், அதைவிட உயரமானது அடுத்தது, நெட்டையானது கடைசியில். உயரவாரியாக ஒவ்வொன்றாகப் பட்டையில் ஒட்டினாள். பார்க்க முன்னைவிட அழகாகவே இருந்தது. செபம் முடிந்ததும் பழைய ஆணியில் மாட்டிவிட்டாள்.

செபமாலை சொல்லி முடித்து, ஷெர்லி ஒவ்வொருவருடைய வேண்டுதலாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒருத்தி மகனுக்கு வேலை வேண்டும் என்றாள். ஒருவர் முட்டிவலிக்கு வேண்டினார். ஜோசஃபினின் முறை வந்தபோது அவர் கண்ணுக்காக என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். "குடும்பத்துக்காக," என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்க?"

சிரில் தொண்டையைச் செருமினார். "நம்ம மெஷினுக்காக."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஷெர்லிக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை, கையை விரித்து, "சிரில் அங்கிளோட மெஷின ஆண்டவர் ஆசீர்வதிக்கணும்னு மன்றாடுவோம்," என்றாள். பெட்ஷீட்டுக்கு அடியில் மெஷின் அசையாமல் நின்றது.

திங்கட்கிழமை காலையில் சிரில் வேலையைத் தொடங்கினார். ஜோசஃபின் தாடிக்காவுக்குக் கிளம்பும்போது அவர் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அவள் பார்க்கப் பார்க்கத் தாளை வைத்து, கட்டரை இறக்கி, ஸ்பிண்டலைப் பூட்டி, சுவர்ப்பக்கம் கையை நீட்டினார். விரல்கள் பட்டையில் நகர்ந்து எண்ணின. ஐந்தாவதை எடுத்தன. நட்டுக்கும் காதுக்கும் நடுவே படுக்க வைத்துத் திருகினார். பார்க்கவே லட்சணமாக இருந்தது. இந்த மனிதரை விட்டால் ஆயுசுக்கும் வேலை செய்வார் என்று நினைத்துக்கொண்டே கேட்டைச் சாத்தினாள்.

மத்தியானம் தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. சீரான ரீங்காரம், பிறகு டக். ரீங்காரம், டக். அவள் அரிசி களையும்போதும் டக். மீன் அலசும்போதும் டக். மாலையில் கடைசித் தகட்டைத் துடைத்துக் கூடையில் வைத்தார். ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். அவளும் ஏதோ தெரிந்தவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலவே பளபளவென்றிருந்தன.

*

இந்தத் தடவை மழை இல்லை. புகைமூட்டத்தோடு ஒரு வெயில். விமலன் கூடையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தான். கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான். சிரில் சத்தத்தை வைத்தே கூடை கனம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"இப்ப என்னா?"

"அங்கிள், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஒண்ணுக்கொண்ணு மயிரிழ வித்தியாசம் இல்ல. பாஸே ஆச்சரியப்பட்டாரு."

"அப்புறம்?"

"எல்லாம் மூணரை."

சிரில் கூடைக்குள் கைவிட்டு ஒரு தகட்டை எடுத்தார்.

"அடியில அர மில்லிதான் நிக்குது அங்கிள். காந்தத்த வெச்சு அமுக்குனா முன்பக்கம் பொத்துக்கிட்டு வருது. ஒண்ணுகூட தேறல. போன தடவ சிலதாச்சும் தேறுச்சு." சொல்லிவிட்டு அவனே வருத்தப்பட்டான். "விடுங்க அங்கிள். ஒடம்பப் பாத்துக்குங்க. பாஸ் தகடு வேணாம்னுட்டாரு. பழைய சாமான்காரனுக்குப் போட்டுருங்க."

அடுத்த கூடை எப்போது என்று யாரும் கேட்கவில்லை. ஜோசஃபின் கோப்பி போடுகிறேன் என்றாள். வேண்டாம் ஆன்டி, வேன் ரோட்டில் நிற்கிறது என்று போய்விட்டான்.

வேன் சத்தம் அடங்கும்வரை சிரில் ஸ்டூலிலேயே இருந்தார். பிறகு எழுந்து ஸ்டாப்பைத் தடவினார். காலர் நகரவில்லை. நட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. நெம்புகோலை இழுத்தார். டக். தலையை ஆட்டிக்கொண்டார். சுவர்ப்பக்கம் கையை நீட்டி, எண்ணி, ஐந்தாவதை எடுத்தார்.

"ஜோசி, இங்க வா. போன்ல லைட்டப் போடு. இதுல என்னா எழுதியிருக்கு, படி."

இத்தனை வருஷத்தில் எதையாவது படித்துச் சொல் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் விளக்கைப் போட்டு, பிட்டின் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எறும்புக் கால் மாதிரி எழுத்து.

"மூணு... புள்ளி... அஞ்சு."

"நல்லா பாரு."

"மூணு புள்ளி அஞ்சுதாங்க."

"அஞ்சாவது மூணு. எப்பவும் அஞ்சாவது மூணுதான். யாரு..." அங்கேயே நிறுத்திவிட்டார்.

ஜோசஃபின் போனைக் கீழே வைத்தாள். கலகலவென்று விழுந்த சத்தம் மறுபடியும் காதில் கேட்டது. "நாந்தான். செபத்தன்னிக்கு. துணி கட்டறதுக்குத் தூக்குனேன், விழுந்துருச்சு. திருப்பி அடுக்கி வெச்சேன்."

"எப்படி அடுக்குன?"

"ஒயரத்தப் பாத்து. தாடிக்காவுல புள்ளைங்கள நிக்க வெக்கிற மாதிரி."

சிரில் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. "மூணரை பழசு ஜோசி. தீட்டித் தீட்டிக் குட்டையாயிருச்சு. மூணு புதுசு. அதான் மூணரை மூணுக்கு முன்னாடி போயி நின்னுக்கிச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கத்துவீங்கன்னு சொல்லல." அத்தனை நாள் அடக்கி வைத்தது சேர்ந்து வந்தது. "நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, கண்ணு தெரியலன்னு? தெரிஞ்சிருந்தா நான் ஒவ்வொண்ணா படிச்சுப் பாத்து வெச்சிருக்க மாட்டேனா? நீங்க எண்ணித்தான் எடுக்குறீங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்? ஏதோ பழக்கத்துல எண்ணுறீங்க, எழுத்தையும் பாத்துப்பீங்கன்னு இருந்துட்டேன்."

தெருவில் ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"கண்ணு போறதா? பாட்டுப் புஸ்தகத்த நீங்க கீழ வெச்சப்பவே."

"ம்."

"விமலனுக்குப் போன் போடுறேன். என் தப்புன்னு சொல்றேன். பொம்பள தெரியாம மாத்தி வெச்சுட்டான்னு சொன்னா பாஸ் கேப்பாரு. இனிமே நான் பக்கத்துல இருந்து படிச்சுச் சொல்றேன். காலையில தாடிக்காவுக்குப் போறதுக்கு முன்னாடி வந்து செட் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்." போனை எடுத்தே விட்டாள். வழி கிடைத்துவிட்டது என்று உண்மையிலேயே நம்பினாள்.

"இரு." அவர் குரல் தணிந்திருந்தது. "தப்பு உன்னுது இல்ல. நீ எங்க வேணா மாத்தி வெச்சிருக்கலாம். கையில எடுத்தேன்ல? ரெண்டு வெரலால உருட்டுனேன்ல? அர மில்லி ஜோசி. அர மில்லி எவ்வளவு தெரியுமா? கால் மில்லி வித்தியாசமே எனக்குத் தெரியும். ஷா ஆலத்துல என்னைய வெச்சுப் பந்தயம் கட்டுவானுங்க. எடுத்த ஒடனே தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரியல."

"அவசரத்துல..."

"அவசரமே இல்ல. அந்த மூணு மில்லி பிட்டையும் எடு. ரெண்டையும் உன் கையில வெச்சுக்க. எதுன்னு சொல்லாம ஒண்ணக் குடு."

அவள் பட்டையிலிருந்து ஆறாவதை எடுத்தாள். இரண்டையும் முந்தானைக்குள் மறைத்து, ஒன்றை அவர் விரல்களில் வைத்தாள். சிரில் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார். கட்டைவிரலால், ஆள்காட்டி விரலால், மறுபடியும் கட்டைவிரலால்.

"மூணு."

"ஆமா!" கத்திவிட்டாள். "மூணுதாங்க! பாருங்க, தெரியுதுல்ல?"

"இன்னொண்ணு குடு."

அவள் வாங்கிக்கொண்டாள். எதைக் கொடுப்பது என்று யோசித்தாள். எதற்கு வம்பு, சரியாகச் சொன்னதையே கொடுப்போம் என்று அதே பிட்டை மறுபடியும் வைத்தாள். இந்தத் தடவை இன்னும் அதிக நேரம் உருட்டினார். நகத்தால் கீறினார். உதட்டில் வைத்துப் பார்த்தார்.

"இது மூணரை," என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியாது. ஜோசஃபின் முந்தானைக்குள் இருந்த இன்னொரு பிட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். விரலில் சீவல் குத்தி மேசைவிரிப்பு நனைந்தும் அவருக்கு வலிக்காதது ஞாபகம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு அவள்தான் சிரித்தாள். தார் ரோடு என்று அவள்தான் சொன்னாள்.

"சொல்லு ஜோசி."

"அதேதாங்க. முதல்ல குடுத்ததுதான்."

சிரில் பிட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். இரண்டு நுனியும் தொட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிகிறதா என்று அவள் கேட்கவில்லை.

"கண்ணு போனா வெரலு இருக்குன்னு இருந்தேன்," என்றார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வெயில் கேட் வரைக்கும் வந்திருந்தது. கூடையில் தகடுகள் கண்கூச மின்னின.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார், "மார்வினுக்குப் போன் போடு. நாம வரோம்னு சொல்லு."

"நாளைக்குப் பேசிக்கலாங்க."

"இப்பவே போடு. மெஷினுக்கு அவனே ஆள் பாக்கட்டும்."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். மணி போனது. சிரில் கையை நீட்டித் தடவி நெம்புகோலைப் பிடித்தார். மெதுவாக இழுத்தார். டக்.

"அப்படியே சொல்லிரு," என்றார். "மெஷின எடுக்க வர்றவன் ஸ்டாப்பக் கழட்டிறக் கூடாதுன்னு. அது சரியாத்தான் நிக்குது."